எந்த இன்ஜினை வைத்துக்கொள்வது?

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின இரண்டு மாடல் விமான இன்ஜின் போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பின்னாலேயே டேங்க் ஒட்டிக்கொண்டிருப்பது காக்ஸ் கம்பெனியின் பேப் பீ. டேங்க் இல்லாமல், காற்று இழுக்கும் குழாய் முன்பக்கம் மேலே நீட்டிக்கொண்டிருப்பது அதே கம்பெனியின் டீ டீ. இரண்டுமே 0.049 கன அங்குலம், நம் கணக்கில் 0.8 சிசி. டீ டீயை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடு, அதுதான் வேகம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் பாதியைப் படிக்க மாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உன் மனைவி கேட்டாளாமே. உன் பெரிய மாமா கயிறு கட்டி வட்டமாகப் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன் ஆள். கைப்பிடியோடு நடுவில் நிற்பவரால் இன்ஜினைத் தொட முடியாது, ஓரத்தில் இன்னொருவர் ப்ரொப்பெல்லரைத் தட்டி, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகி, சரியான நேரத்தில் விமானத்தை விட வேண்டும். அந்த இன்னொருவர் நான். பேர் அவருக்கு, விரலில் வெட்டு எனக்கு. முதலில் எங்களிடம் இருந்தது கல்கத்தாவில் செய்த அரோரா டீசல், தலையில் திருகு வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உன்னிடம் இருக்கும் இரண்டும் சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ இன்ஜின், அதில் அந்தத் திருகே கிடையாது. 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது: 1.5 வோல்ட் கொடுத்துக் கம்பியைச் சிவக்க வைத்துக் கிளப்பினால் போதும், பேட்டரியைக் கழற்றின பிறகும் பிளாட்டினக் கம்பிமேல் மெத்தனால் பட்டுப் பட்டு அது அணையாமலே இருக்கும். சுலபம்தான், ஆனால் எப்போது வெடிக்க வேண்டும் என்பதை நீ நேரடியாகத் திருத்த முடியாது. எரிபொருள், ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டரின் மேல் மூடிக்கு, அடியில் இருக்கும் செப்பு வாஷர், ப்ரொப்பெல்லர், இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும்.

அதனால் "எது வேகம்" என்று கேட்பதற்கு முன்னால் எந்த ப்ரொப்பெல்லரில், எந்த எரிபொருளில், எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். பேப் பீயில் காற்றும் எரிபொருளும் பின்பக்கம் ஒரு மெல்லிய ரீடு தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போகும். டீ டீயில் ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டிலேயே வழி வெட்டியிருக்கும், அது சுற்றச் சுற்றத் திறந்து மூடும். அந்த வழி பெரியது, நேரமும் கச்சிதம், சின்ன ப்ரொப்பெல்லர் போட்டால் டீ டீ கூச்சலிட்டுக்கொண்டு எங்கேயோ போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வழி பெரிதாக இருப்பதால் எரிபொருளை உறிஞ்சும் சக்தி குறைவு. டேங்க் கொஞ்சம் தள்ளி இருந்தாலும், மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் கோபித்துக்கொள்ளும். பேப் பீ அப்படியில்லை. டேங்க் கூடவே இருக்கிறது, ஒரு குழாயில் ஊற்றினால் இன்னொன்றில் வழியும், நிறைந்தது என்று அர்த்தம். எட்டு வயசுப் பிள்ளையோடு கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு எது வேண்டும், நீயே சொல். ஒன்று மட்டும், ரீடு இன்ஜின் எதிர்த் திசையில் சுற்றியும் கிளம்பி ஜோராக ஓடும். காற்று வால் பக்கம் போனால் சரி, விமானத்தின் மூக்குக்கு முன்னால் போனால் நிறுத்திவிட்டு மறுபடி தட்டு.

ஓட்டுவதற்கு முன்னால் சுத்தம். பல வருஷம் கிடந்ததென்றால் பழைய எரிபொருளில் இருந்த விளக்கெண்ணெய் உள்ளே பிசினாகி இறுகியிருக்கும். இடுக்கி போட்டுத் திருகாதே! தலை காய வைக்கும் ட்ரையரில் சூடு காட்டு, தானாக இளகும். அப்புறம் பின்பக்கத்தைக் கழற்றி ரீடைப் பார். மயிரிழை அளவு தூசி அடியில் மாட்டினாலும் எரிபொருள் திரும்பித் துப்பும். பேப் பீயின் ஊசியில் இன்னொரு வியாதி உண்டு, ஸ்பிரிங்குக்கு உள்ளே மரை வழியாகக் காற்று கசியும், நீ எவ்வளவு திருகினாலும் ஓட்டம் நிலைக்காது. ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் சின்ன சிலிக்கான் குழாய்த் துண்டைச் செருகிவிட்டால் தீர்ந்தது. முக்கால்வாசி பேர் இது தெரியாமல்தான் இன்ஜினைத் திட்டுகிறார்கள்.

எரிபொருளில் எண்ணெய் 20 சதவீதமாவது இருக்கட்டும், அதில் பாதியாவது விளக்கெண்ணெயாக இருக்கட்டும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் சேரும் இடத்தில் இருப்பது குழிக்குள் உருளும் குண்டு போன்ற இணைப்பு, வெறும் செயற்கை எண்ணெய் அங்கே போதாது. நைட்ரோ, அதாவது நைட்ரோமீத்தேன், 15 முதல் 25 சதவீதம் போதும்.

இப்போது ஊசி. மூன்று நாலு சுற்று திறந்துவை, கிளப்பு. முதலில் புகையாக விட்டு, ஒன்று விட்டு ஒரு சுற்றில் வெடித்து, கரகரவென்று ஓடும், அது ரிச், எரிபொருள் அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக மூடு, ஒரு இடத்தில் சத்தம் சட்டென்று இழுத்துக் கட்டின மாதிரி ஒரே சுருதிக்கு வரும். எல்லோரும் அங்கேதான் ஆசைப்பட்டு இன்னும் மூடுவார்கள். நீ மூடாதே, உச்சம் தெரிந்ததும் கொஞ்சம் திறந்து வை. அப்புறம் விமானத்தைப் பிடித்து மூக்கை வானம் பார்க்கத் தூக்கு: சத்தம் இன்னும் தெளிவானால் சரி, தொய்ந்து இறங்கினால் லீன், எரிபொருள் குறைவு, இன்னும் திற. தரையில் உச்சத்தில் வைத்த இன்ஜின் மேலே போனதும் சூடேறி நிற்கும்.

நீ இருக்கும் டென்வர் விஷயம் இதில்தான் வருகிறது. உன் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், நம் கோயம்புத்தூர் 400 சொச்சம். அங்கே காற்று மெலிசு, அதனால் தாழ்வான ஊரில் இருப்பவர் சொல்லும் ஊசி அளவு உனக்கு ரிச்சாக இருக்கும், மூட வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால் மெல்லிய காற்றில் ப்ரொப்பெல்லரைச் சுற்றுவதும் சுலபம், ஆகவே நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டேக்கோமீட்டரில் எண் பெரிதாகக் குறையாது, இழுவைதான் குறைந்திருக்கும். கலிஃபோர்னியாக் கடற்கரையில் யாரோ அளந்த எண்ணோடு உன் எண்ணை ஒப்பிட்டு மனம் ஒடியாதே. உன் ஊரிலேயும் ஜூன் மத்தியானம் வைத்த ஊசியில் மறுநாள் குளிர்ந்த காலையில் ஓட்டினால் லீன் ஆகிவிடும், தினமும் புதிதாக வை.

ஒப்பிடுவதென்றால் இப்படிச் செய். இரண்டிலும் ஒரே 6-க்கு 3 ப்ரொப்பெல்லர் (நீளம் 6 அங்குலம், பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 3 அங்குலம்), ஒரே குப்பியிலிருந்து எரிபொருள், ஒரே காலை. பிறகு 5-க்கு 3 போட்டு இன்னொரு தடவை. பெரியதில் இரண்டுக்கும் வித்தியாசம் சுருங்கும், சின்னதில் டீ டீ பிய்த்துக்கொண்டு போகும். டேக்கோமீட்டர் சரியா என்று முதலில் பழைய ட்யூப் லைட்டைக் காட்டிப் பார், இரண்டு இலை என்று வைத்தால் இங்கே 3,000 காட்டும், உங்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 3,600. எல்ஈடி விளக்கில் இந்த வித்தையை நம்ப முடியாது.

ஓட்டி முடித்ததும் டேங்கில் மீதி வைக்காதே, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றிவிட்டு வை. மெத்தனால் விஷம், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டு. நுனி உடைந்த ப்ரொப்பெல்லரை ஒட்டிப் போடுகிற சிக்கனம் வேண்டாம். விரலால் தட்டாதே, குச்சி வைத்துக்கொள்.

மாமா டீ டீ கட்சி, சொல்லாமலே தெரியும். அளந்து அனுப்பு, ஆனால் எண்ணோடு அன்றைக்கு எவ்வளவு வெயில் என்றும் எழுது, இல்லாவிட்டால் அவரோடு நான் வாதாட முடியாது.

அம்மா