ட்ரையல் படிவத்தில் உள்ள அந்த ஒரு வரி: ஆலைத் தலைமைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சாலைகளில் ட்ரையலுக்கு அனுமதி தரும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ட்ரையல் எடுக்க, அதாவது மெஷின் செட்டிங்கை மாற்றி ஓட்டிப் பார்க்க, அனுமதி கேட்டு உங்களைப் போன்றவர்கள் முன்னால் பலமுறை வந்து நின்றிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே நிபந்தனைதான் வரும்: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிக் குழப்பிவிடாதீர்கள்." சில இடங்களில் இது ட்ரையல் படிவத்திலேயே அச்சடித்த வரியாக இருந்தது. அந்த வரியை எடுத்துவிடும்படி கேட்கத்தான் இந்த மடல்.

அதன் பின்னால் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. இரண்டு செட்டிங்கைச் சேர்த்து மாற்றி, ரிஜெக்‌ஷன் குறைந்துவிட்டால், எதனால் குறைந்தது என்று யார் சொல்வது? நியாயமான கேள்வி. இஷ்டத்துக்கு மாற்றினால் யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் கணக்குப் போட்டு, திட்டத்தோடு மாற்றினால் சொல்லிவிடலாம். ஒன்றொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகிற விஷயத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

1980களில் எஸ்கேஎஃப் பேரிங் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பேரிங்கில் குண்டுகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி வைக்கும் கூடு ஒன்று உண்டு. அதை மாற்றினால் ஆயுள் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினார்கள். பழைய கூட்டில் நான்கு சோதனை, புதிய கூட்டில் நான்கு சோதனை என்பது திட்டம். புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், இதே எட்டுச் சோதனைகளில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கூடுதல் செலவில்லாமல் சோதித்துவிடலாம் என்று சொன்னார். ஒன்று, உள் வளையத்தின் வெப்பப் பதப்படுத்தல். மற்றொன்று, வெளி வளையத்தின் பள்ளம் குண்டோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது. மூன்றுக்கும் இரண்டிரண்டு நிலைகள். எல்லாச் சேர்க்கைகளையும் போட்டால் சரியாக எட்டு வரும்.

கூட்டை மாற்றியதில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மற்ற இரண்டையும் தொடாத பேரிங்குகள் சோதனையில் சராசரியாக 18 மணி நேரம் ஓடின. பள்ளத்தின் பொருத்தத்தை மட்டும் மாற்றியபோது 23. பதப்படுத்தலை மட்டும் மாற்றியபோது 21. இரண்டையும் சேர்த்து மாற்றியபோது 106.

அந்த நான்கு எண்களை இன்னொரு முறை பாருங்கள். உங்கள் படிவத்தில் இருக்கும் வரியின்படி நடந்திருந்தால் 23ஐயும் 21ஐயும் பார்த்திருப்பார்கள். "கொஞ்சம்தான் கூடுகிறது, செலவுக்குக் கட்டுப்படியாகாது" என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். 106 கண்ணிலேயே பட்டிருக்காது. 1907இல் தொடங்கிய நிறுவனம் அது. பேரிங்தான் அவர்கள் தொழிலே. அவர்களுக்கே எட்டுச் சோதனைகளுக்குள் இவ்வளவு ஒளிந்திருந்தது. ஒரு காரணியின் விளைவு இன்னொரு காரணி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவதை இடைவினை என்கிறோம். வெப்பம், அழுத்தம், நேரம், ஈரப்பதம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எந்த ஆலையிலும் இடைவினை இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் சரி.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான். எட்டு ரன்களில், அதாவது எட்டு முறை ஓட்டிப் பார்ப்பதில், ஒவ்வொரு காரணிக்கும் ஒரு நிலையில் நான்கு முடிவுகள், மறு நிலையில் நான்கு முடிவுகள் கிடைக்கின்றன. அதாவது எட்டு முடிவுகளும் மூன்று கேள்விகளுக்கும் வேலை செய்கின்றன. ஒன்றொன்றாக மாற்றி இதே துல்லியத்தை எட்ட வேண்டுமானால், பழைய செட்டிங்கில் நான்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு என்று 16 ரன்கள் வேண்டும். இருமடங்கு செலவு, அதற்கும் இடைவினை தெரியாது. எது சிக்கனம்?

காரணிகள் கூடும்போதும் வழி இருக்கிறது. ஐந்து காரணிகள் என்றால் முழுச் சேர்க்கை 32. அதில் சரியான பாதி 16ஐ மட்டும் தேர்ந்தெடுத்தாலே தனி விளைவுகளும் இருகாரணி இடைவினைகளும் பிரிந்து தெரியும். புள்ளியியலாளர்கள் பிளாக்கெட்டும் பர்மனும் 1946இல் வெளியிட்ட திட்டங்களில் 12 ரன்களில் 11 காரணிகள் வரை சலித்துப் பார்க்கலாம். இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1940களில் உருவாக்கிய செங்குத்து அணிகள், அதாவது காரணிகளின் நிலைகள் சமமாகக் கலந்து வரும் சோதனை அட்டவணைகள், பின்னாளில் ஜப்பானியப் பொறியாளர் டாகுச்சி தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோன அட்டவணைகளுக்கு அடித்தளமாக இருந்தன. ஆனால் இங்கே நீங்கள் கறாராக இருக்க வேண்டும். ரன்களைக் குறைத்தால் சில விளைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எட்டு ரன்களில் ஏழு காரணிகளையும் முடித்துவிட்டோம் என்று யாராவது அறிக்கை நீட்டினால், எது எதோடு கலந்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், ரன்களின் வரிசை. இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு.

ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஆலையில் உருப்படி அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொண்டிருந்தது. மோல்டின் வெப்பநிலை உட்பட நான்கு காரணிகளை வைத்துச் சோதனை திட்டமிட்டேன். ரன்களின் வரிசையைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தேன். பொறுப்பில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மோல்டை இப்படிச் சூடேற்றிச் சூடேற்றி ஆறவைத்தால் நாள் முழுக்க வீணாகும், குறைந்த வெப்பத்தைக் காலையில் முடி, அதிக வெப்பத்தை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள் என்றார். நானும் சரி என்றுவிட்டேன். மோல்டின் வெப்பநிலைதான் முழுக் காரணம் என்று முடிவு வந்தது. செட்டிங்கை மாற்றினோம். ஒன்றும் சரியாகவில்லை. பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அன்று மதியம் வேறு லாட் (வேறு தொகுப்பு) மூலப்பொருளை மெஷினின் ஹாப்பரில் கொட்டியிருந்தார்கள். சுருக்கம் குறைந்ததற்கு அந்த லாட்தான் காரணம். குலுக்கிய வரிசையிலேயே ஓட்டியிருந்தால் லாட்டின் விளைவு இரண்டு வெப்பநிலைகளுக்கும் சிதறிப் போயிருக்கும், எங்களை இப்படி ஏமாற்றியிருக்காது. அன்று மறுத்துப் பேசாததை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தபோது எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். வயலில் ஒரு மூலை மண் செழிப்பாக இருக்கும், இன்னொரு மூலை இளைத்திருக்கும். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனிதர் தீர்மானித்தால், மண்ணின் குணம் உரத்தின் பெயரில் வந்து நிற்கும். அதனால் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கச் சொன்னார். தெரிந்த வேறுபாடுகளைத் தொகுதியாகப் பிரிக்கச் சொன்னார், ஒரே சோதனையைத் திரும்பவும் செய்யச் சொன்னார். ஆலையில் நேரம்தான் நம் வயல். காலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், கருவியின் தேய்மானம், லாட் மாற்றம் எல்லாம் அதில் பரவிக் கிடக்கின்றன. உலை வெப்பத்தைப் போல அடிக்கடி மாற்றவே முடியாத காரணிகள் உண்டு என்பது உண்மை. அதற்கெனப் பெரிய பாத்திக்குள் சிறு பாத்தி பிரிக்கும் திட்டம் இருக்கிறது. அதுவும் வயலில் பிறந்ததுதான். மாற்ற முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், திட்டத்தை அதற்கேற்பப் போடலாம். சோதனை நடக்கும் நாளன்று வரிசையைக் கலைக்காதீர்கள்.

இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஷூவார்ட் 1924 மே மாதம் ஒரு பக்கக் குறிப்பில் வரைந்து காட்டிய கன்ட்ரோல் சார்ட், அதாவது அளவுகளை எல்லைக் கோடுகளோடு புள்ளிகளாகக் குறிக்கும் வரைபடம், உங்கள் ஆலைச் சுவரிலும் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லைக் கோடுகளுக்குள் இருக்கும் புள்ளி நேற்றையதைவிடச் சற்று இறங்கினாலே விளக்கம் கேட்கிறீர்கள். ஆபரேட்டர் என்ன செய்வார்? உங்களுக்குப் பதில் சொல்லவாவது செட்டிங்கைத் தொடுவார். நிலையாக ஓடும் மெஷினை, விலகிய அளவுக்கு ஒவ்வொரு முறையும் எதிர்த்திசையில் திருத்திக்கொண்டே இருந்தால் மாறுபாடு (வேரியன்ஸ்) இருமடங்காகும் என்பதைத் தர மேலாண்மை நிபுணர் டெமிங் புனலையும் கோலிக்குண்டையும் வைத்துச் செய்து காட்டுவார். அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கக் கணக்கில் அது ஏறத்தாழ 1.4 மடங்கு. அந்தச் சலசலப்புக்கு நடுவில் சோதனை வைத்தால் உண்மையான விளைவும் அதில் அமுங்கிப்போகும். ஆகவே முதலில் மெஷினை அமைதியாக ஓடவிடுங்கள். அளக்கும் கருவியையும் சரிபாருங்கள்: ஒரே உருப்படியை ஒரே ஆள் இரண்டு முறை அளந்து இரண்டு எண் வந்தால், சோதனையைத் தள்ளிப்போட அதுவே போதுமான காரணம்.

அனுமதி தரும்போது இலக்கையும் கொஞ்சம் அகலமாக வையுங்கள். 1953இல் ஜப்பானின் இனா டைல் நிறுவனத்தில் சூளையின் எல்லா இடத்திலும் வெப்பம் ஒரே மாதிரி இல்லாததால் டைல்கள் வேறு வேறு அளவில் வந்தன. சூளையை மாற்றிக் கட்டப் பெரும் செலவாகும். அதனால் களிமண் கலவையைச் சோதித்தார்கள். சுண்ணாம்பை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியபோது அளவு வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. சூளை அப்படியேதான் இருந்தது. சராசரியை எப்படி நகர்த்துவது என்று மட்டும் கேட்காமல், எந்த நிலையில் பரவல் குறைகிறது என்றும் உங்கள் ஆட்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

பணத்தை ஒரே தடவையில் கொட்டவும் வேண்டாம். முதல் சோதனைக்குப் பட்ஜெட்டில் கால் பங்குக்கு மேல் செலவிட வேண்டாம் என்பது புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸின் அறிவுரை. எதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே முதல் சோதனைக்குப் பிறகுதான் நமக்குத் தெளிவாகும். நடுவில் ரிஜெக்‌ஷன் கூடும் ரன்களும் வரும். மோசமான நிலையும் நமக்குத் தகவல்தான். அந்த உருப்படிகளின் கணக்கை ஆபரேட்டரின் தலையில் கட்டாதீர்கள். அவர் பயந்துபோய் அந்த ரன்னை மட்டும் "சரிசெய்து" ஓட்டிவிட்டால் எட்டு ரன்களின் உழைப்பும் போய்விடும்.

விரைவில் உங்கள் மேசைக்கு ஒரு படிவம் வரலாம். அதில் எட்டு வரிகளில் ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று செட்டிங்குகள் மாறியிருக்கும். ரன்களின் வரிசை 5, 2, 8, 1 என்று தாறுமாறாகத் தெரியும். கொண்டுவந்தவர் கவனமில்லாமல் எழுதியதாக எண்ணிவிடாதீர்கள். அது குலுக்கி எடுத்த வரிசை. அதைத் திருத்தாமல் அப்படியே கையெழுத்துப் போட்டு, எட்டாவது ரன் முடியும்வரை மெஷினை அவரிடமே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் முன்னால் பலமுறை படிவத்தோடு நின்ற ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்