காப்புப் பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தோம்

ஆசிரியர் அவர்கட்கு,

திருகோணமலை உப்புவெளிப் பகுதியில் இயங்கும் மரண உதவிச் சங்கம் ஒன்றின் செயலாளராகப் பணியாற்றுகின்றேன். உறுப்பினர் பதிவு, மாதச் சந்தா, வழங்கிய உதவித்தொகை, இறப்புச் சான்றிதழ்களின் ஸ்கான் பிரதிகள் ஆகிய அனைத்தையும் சில ஆண்டுகளாகக் கணினியில் வைத்திருக்கின்றோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்ட வேளையில் எங்கள் கணினியும் இயங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் திரும்பிய பின்னர் அது எழும்பவேயில்லை; உள்ளிருந்த வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) பழுதடைந்துவிட்டதாகத் திருத்துநர் சொன்னார். ஒவ்வொரு மாலையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குக் காப்புப் பிரதி எடுக்கப்பட்டு வந்ததால் நாங்கள் பெரிதாகக் கலங்கவில்லை. அதைக் கொண்டுபோய் வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தபோது, அதிலிருந்த கடைசிப் பிரதி 2024 ஓகஸ்ட் மாதத்துக்குரியதாக இருந்தது.

இடைப்பட்ட ஆறு மாதக் கணக்கைப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்து முடித்தோம். ஸ்கான் செய்து மூலத்தைக் குடும்பத்தவரிடம் கொடுத்துவிட்ட சில ஆவணங்களை மட்டும் வீடு வீடாகச் சென்று மீண்டும் கேட்க வேண்டியிருந்தது. துக்கம் நடந்த வீட்டுக்கு இறப்புச் சான்றிதழை இரண்டாந்தரம் கேட்டுப் போவது எவ்வளவு சங்கடமானது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இதே நிலையில் வேறு சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், தனியார் கல்வி நிலையங்களும் இருக்கக்கூடும் என்பதாலேயே எமக்கு நேர்ந்ததை விரிவாக எழுதுகின்றேன்.

காரணத்தைத் தேடியபோது கிடைத்த விடை வெட்கப்படும் அளவுக்குச் சிறியது. எமது கணக்கு மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சுருக்கி ஒரே கோப்பாக வெளி வன்தட்டில் எழுதுகிறது. அந்த வன்தட்டோ, முன்னர் ஒரு வீட்டில் தொலைக்காட்சியில் படம் பார்ப்பதற்காக ஃபாட்32 என்ற முறையில் போர்மட் செய்யப்பட்டது; அதாவது, உள்ளதை அழித்து, அம்முறைப்படி கோப்புகளைப் பதிய ஆயத்தமாக்கப்பட்டது. அம்முறையில் தனியொரு கோப்பு 4 ஜிகாபைட் அளவை எட்ட முடியாது. தட்டில் எவ்வளவு இடம் வெறுமையாகக் கிடந்தாலும் அதைவிடப் பெரிய கோப்பை அது ஏற்காது. ஸ்கான் பிரதிகள் சேரச் சேர எமது கோப்பு ஓகஸ்டில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு மாலையும் ‘போதிய இடம் இல்லை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவித்தல் திரையில் தோன்றியிருக்கிறது. அதன் கீழே இருந்த ஒரே பொத்தான் ‘ஓகே’.

“பக்கப் எடுத்தாச்சோ தங்கச்சி?” என்று நான் கேட்பேன். “ஓம் சேர், ஓகே வந்திட்டுது” என்று எமது அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளை சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஓகே வந்தது உண்மைதான். தோல்வியை அறிவிக்கும் பெட்டியிலும் வெற்றியை அறிவிக்கும் பெட்டியிலும் ஒரே சொல்லைப் பொத்தானாக வைத்து, இரண்டையும் எமக்குப் பழக்கமில்லாத மொழியில் காட்டிய மென்பொருளைத்தான் நான் முதலில் குற்றம் சொல்வேன்; ஆறு மாதமாக அந்தத் தட்டை ஒருதரமேனும் திறந்து பார்க்காத என்னை அடுத்தபடியாகச் சொல்வேன்.

அதன்பின்னர் 2 டெராபைட் கொள்ளளவுடைய புதிய வன்தட்டு ஒன்றை வாங்கினோம். (திரையில் அது 1,862 ஜிகாபைட் என்றே தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகப் பொருளாளர் கொதித்தார். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுவதும் விண்டோஸ் 1,024ஆல் பெருக்கிக் கணக்கிடுவதுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று விளக்கிய பிறகே அமைதியானார்.) இம்முறை என்.டி.எஃப்.எஸ். முறையில் போர்மட் செய்தோம். 4 ஜிகாபைட் தடை அதற்கு இல்லை என்பது ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், எந்த மாற்றம் பாதியில் நின்றது என்ற குறிப்பை அது தனியே வைத்திருப்பதால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் தட்டின் அட்டவணை குழம்பாமல் பெரும்பாலும் மீண்டு வரும் என்பது மற்றொன்று. ஃபாட்32இலும், பெரிய கோப்புகளை ஏற்கும் எக்ஸ்ஃபாட்டிலும் அத்தகைய குறிப்பேடு இல்லை. மின்வெட்டுக்குப் பழகிப்போன எமது ஊரில் விண்டோஸ் கணினிக்கு மட்டும் பயன்படும் தட்டை என்.டி.எஃப்.எஸ்.இல் வைத்திருப்பதே நல்லதென்பது எனது கருத்து.

இருந்தும் சில கிழமைகளில் புதிய தட்டும் தகராறு செய்தது. பிரதி பாதி ஓடும்போது ‘டிக், டிக்’ என்ற ஒலியுடன் தட்டு மறைந்துவிடும். சற்று நேரத்தில் தானாகத் தோன்றும். தட்டு பழுது, மாற்ற வேண்டும் என்றே பலரும் சொன்னார்கள். உண்மையில் அதைச் ஒரு துறையை (செருகும் வாயை) பலவாகப் பிரிக்கும், சொந்த மின்னிணைப்பு இல்லாத ஒரு யூ.எஸ்.பி. ஹப்பில், அச்சுப்பொறி, மவுஸ், பென்டிரைவ் ஆகியவற்றுடன் சேர்த்துச் செருகியிருந்தோம். யூ.எஸ்.பி. 2.0 துறை ஒன்று 500 மில்லிஅம்பியர், 3.0 துறை 900 மில்லிஅம்பியர் மின்னோட்டத்தையே வழங்க வேண்டும் என்பது தரநிலை. அந்தச் சிறிய பங்கை நால்வர் பகிர்ந்துகொண்டால், சுழலும் தட்டுக்கு மிஞ்சுவது போதாது. மேசைக் கணினியின் பின்புறத் துறையில், குட்டையான புதிய கேபிளில் நேரடியாகச் செருகியதும் ஒலி நின்றது. பழைய கேபிளின் முனையைப் பார்த்தபோது பச்சை பூத்திருந்தது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்கவே வேண்டும். ஆகவே தட்டைக் குறை சொல்வதற்கு முன்னர் கேபிளையும் துறையையும் மாற்றிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். அதற்குப் பெரிய செலவில்லை. நேரடியாகச் செருகிய பின்னரும் அதே ஒலி கேட்டால் அது தட்டின் நோய்தான். அப்போது உள்ளதை முதலில் வேறிடத்துக்குப் பிரதி செய்துவிட்டே விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற தட்டுச் சோதனைகளை ஓடவிட வேண்டும், ஏனெனில் மணிக்கணக்காக நீளும் அச்சோதனையே நலிந்த தட்டை முடித்துவிடக்கூடும்.

வேறொரு நாள் பிரதியே எடுக்கப்படவில்லை. காலையில் யாரோ ஒரு பென்டிரைவை முதலில் செருகியிருக்கிறார்கள். வழமையாக வன்தட்டுக்குக் கிடைக்கும் ‘ஈ’ என்ற அடையாள எழுத்து அதற்குப் போய்விட, வன்தட்டு ‘எஃப்’ ஆகிவிட்டது. மென்பொருள் ‘ஈ’யைத் தேடிப் போய்த் திரும்பியிருக்கிறது. விண்டோஸில் தட்டுகளை நிர்வகிக்கும் டிஸ்க் மனேஜ்மென்ட் திரையில் வன்தட்டுக்கு ‘எக்ஸ்’ போன்ற கடைசி எழுத்துகளில் ஒன்றை நிலையாகக் கொடுத்து, மென்பொருளின் அமைப்பிலும் அதையே மாற்றியதோடு அது தீர்ந்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதை எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. ஆண்டு, பிரிவு, வீதி, உறுப்பினர் பெயர், ஆவணத்தின் பெயர் எனக் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கியிருந்தோம். விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதையும் வழமையாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ பத்துக் குறிகள். தி, ரு, கோ, லை ஆகிய நான்கும் அகரமேறிய எழுத்தொன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரண்டிரண்டாகப் பதியப்படுவதே காரணம். இதனால் நீண்ட பெயருள்ள கோப்புகள் மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டன. தமிழ்ப் பெயர்களைக் கைவிட நாங்கள் உடன்படவில்லை. கோப்புறைகளின் அடுக்கைக் குறைத்து, உறுப்பினர் பெயருக்குப் பதிலாக உறுப்பினர் இலக்கத்தைக் கோப்புறைக்கு இட்டோம்.

‘இத்தட்டைப் பயன்படுத்துமுன் போர்மட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும் வேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவிக்கு வந்த ஒரு தம்பி, எமது பழைய தட்டைச் செருகி அந்த வினா வந்தவுடன் ‘ஆம்’ என்று அழுத்தப் போனார். நான் கையைப் பிடிக்காத குறை. அந்தக் கேள்வி பெரும்பாலும் அட்டவணையை வாசிக்க முடியவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கோப்புகள் அப்படியே இருக்கக்கூடும். வேண்டாம் என்று அழுத்தி, கேபிளை மாற்றி, வேறொரு கணினியில் செருகிப் பார்த்தோம். தட்டு திறந்தது.

இப்போது இரண்டு தட்டுகளைக் கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றோம். பிரதி முடிந்ததும் கழற்றிவிடுகின்றோம். செருகியே கிடக்கும் தட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் கணினியோடு சேர்ந்தே பூட்டப்படும். ஓய்விலிருக்கும் தட்டு மேட்டுப் பகுதியான உவர்மலையில் ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையோரத்தவருக்கு அதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, செயற்குழு கூடும்போது, அலுவலகக் கணினியில் அல்லாமல் வேறொரு மடிக்கணினியில் தட்டைச் செருகி, உறுப்பினர் ஒருவர் கேட்கும் ஏதாவதொரு பதிவைத் திறந்து காட்டி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுகின்றோம்.

தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். சங்கங்களுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதி விற்கும் உள்ளூர் நிறுவனத்தார், காப்புப் பிரதி தோல்வியுற்றால் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பு எழுத்தில் அறிவித்து, கடைசியாக வெற்றி பெற்ற திகதியை முதல் திரையிலேயே காட்ட வேண்டும். கணினிப் பயிற்சி நிலையங்கள், கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்குத் தாள் போடவும் கற்பிப்பதோடு, பிரதி எடுப்பதற்கும் எடுத்த பிரதியிலிருந்து மீட்பதற்கும் ஒரு நாளையேனும் ஒதுக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்ததால் பல அலுவலகங்கள் புதிய கணினிக்கு மாறிவருகின்றன. பழைய கணினியை விற்பதற்கோ கழிப்பதற்கோ முன்னர், அதன் பிரதி புதிய கணினியில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இங்ஙனம்,
செயலாளர்,
மரண உதவிச் சங்கம்,
உப்புவெளி, திருகோணமலை.