பக்கத்து வீட்டுக் கூட்டம்

பிட்ஸ்பர்க்
தை 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து 18 நாள் ஆகிவிட்டது. அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய் என்பது வரிக்கு வரி தெரிகிறது. "பிள்ளை எளைச்சிருக்கானான்னு கேளு" என்பதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். எட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசுகிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் போனில் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி என்ன பேசினோம் சொல்? இன்று பனி கொட்டியதால் வேலை இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அம்மாவிடம் சொல், நான் இளைக்கவில்லை. இங்கே டப்பாவில் தேங்காய்ப்பால் கிடைக்கிறது. போன வாரம் சொதி வைத்தேன். முருங்கைக்காயும் கிடைத்தது, உறைந்த கட்டியாக. இஞ்சித் துவையல் மட்டும் நம் வீட்டு ருசிக்கு வரவில்லை; அம்மி இல்லாததாலா, கருப்பட்டி இல்லாததாலா தெரியவில்லை. பென் ஹில்ஸ் என்ற இடத்தில் பெருமாள் கோயில் இருக்கிறது, 1970களில் கட்டியது. அங்கே போனால் புளியோதரை சாப்பிடலாம். பஸ் மாற வேண்டும் என்பதால் அடிக்கடி போவதில்லை. கார் ஏன் வாங்கவில்லை என்று அத்தான் கேட்டதாக எழுதியிருந்தாய். இங்கே ஊர் முழுக்க மேடு பள்ளம், பனியில் ஓட்டுவது ஆபத்து. பஸ்தான் நல்லது. சனி ஞாயிறும் வேலை இருப்பதால் பொழுது நன்றாகப் போகிறது.

குளிரைப் பற்றிக் கேட்டாய். வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் மயிர் உறைந்து குத்தும். தெருவெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள், தூத்துக்குடி அளத்துக் கல்லுப்பு மாதிரியே. இன்று காலை கதவைத் திறந்தால் படிக்கட்டைக் காணோம். மண்வாரியோடு வந்து வழி எடுத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. அவரைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வயது எழுபது இருக்கும். தனியாக இருக்கிறார். உருக்காலையில் வெல்டிங் வேலை பார்த்தவர். வந்த புதிதில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் இரவெல்லாம் விளக்கு எரிவதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் அவரே உள்ளே கூப்பிட்டார். சுவரில் தோல் கவசங்கள், பிரம்பு வாள்கள், கம்பளிக் குல்லா, பெரிய முரசு. மனிதர் தையல் மெஷினில் உட்கார்ந்து குதிரைக்காரன் அங்கி தைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் நடக்கப்போகும் போருக்காம்!

விசாரித்தால் அது பெரிய கதை. 1966 மே 1ஆம் தேதி, கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில், டயானா பேக்ஸன் என்ற பெண்ணின் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் சில நண்பர்கள் பல நூற்றாண்டுக்கு முந்தைய ஐரோப்பிய உடை உடுத்தி வாள் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். முடிந்ததும் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள், இருபதாம் நூற்றாண்டு எங்களுக்கு வேண்டாம் என்று. அடுத்து பூங்காவில் நடத்த அனுமதி கேட்டபோது, உங்கள் சங்கத்தின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு வைத்த பெயர்தான் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம். அது இன்றைக்கு 20 ராஜ்யங்களாகப் பெருகியிருக்கிறது; தங்கள் பெரிய கிளைகளைத்தான் ராஜ்யம் என்கிறார்கள். நமக்குச் சித்திரை ஒன்று போல அவர்களுக்கு மே 1தான் வருஷப் பிறப்பு. சண்டையில் ஜெயிக்கிறவர் ராஜா, அதுவும் சில மாதங்களுக்குத்தான். அப்புறம் அடுத்த சண்டை, அடுத்த ராஜா.

எல்லோரும் ராஜாவும் வீரனுமாக இருந்தபோது, ராபர்ட் ஆஸ்ப்ரின் என்பவர் மட்டும் தன்னை மங்கோலிய நாடோடி என்று சொல்லிக்கொண்டு, யாங் என்று பெயர் வைத்துக்கொண்டு, டார்க் ஹோர்டு என்ற கூட்டத்தைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் நடந்தது இது. பின்னாளில் கதாசிரியராகப் பேர் வாங்கியவர், அப்போது ஓர் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கோட்டையும் கொடியும் வேண்டாம், கூடாரமும் முரசும் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நம் தாத்தா அந்தக் கூட்டத்துப் பாளையத்தைப் பார்த்துவிட்டு வந்துதான், கூட வேலை பார்த்த நான்கு பேரோடு சொந்தமாக ஒரு சின்னக் கூட்டம் ஆரம்பித்திருக்கிறார்.

ஆரம்பம் எப்படித் தெரியுமா? ஐந்து பேருக்கு ஒரே கூடாரம், ஒரே பானை. முதல் இரவே மழை. கூடாரம் ஒழுகி, விடிய விடிய அந்தப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தபோது ஒரு சட்டம் போட்டார்கள்: இந்தப் பானைக்குப் பக்கத்தில் யார் வந்து நின்றாலும் சோறு போட வேண்டும். அடுத்த வருஷம் ஒன்பது பேர். பிறகு கல்யாணங்கள், பிள்ளைகள். புதிதாக வருகிறவர் முதல் வருஷம் பாத்திரம் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயர் வைப்பார்கள். 80களில் இங்கே உருக்காலைகளை வரிசையாக மூடினார்கள். அந்த ஐந்து பேரும் பிழைப்புத் தேடி ஆளுக்கு ஒரு மாநிலமாகப் போனார்கள். கூட்டம் கலையவில்லை அக்கா. ஆகஸ்டு வந்தால் டெக்ஸாஸிலிருந்தாவது வந்துவிடுவார்கள். இப்போது பேரப்பிள்ளைகளோடு நாற்பது பேருக்கு மேல். தாத்தாவின் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த முரசு அந்த அம்மாவுடையது. அதை இன்னும் எடுத்துப்போகிறார்கள்.

அவர்கள் கூடும் இடம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம், ஸ்லிப்பரி ராக் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை. பென்சிக் போர் என்று பெயர், 1972இல் முதல் தடவை நடந்தது. கிழக்கு ராஜ்யமும் நடு ராஜ்யமும் மோதுவது. தோற்கிறவர்கள் பிட்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தாத்தா இதைச் சொல்லிவிட்டு அப்படிச் சிரிக்கிறார். பத்தாயிரம் பேருக்கு மேல் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. அந்தச் சண்டையில் அடி விழுந்ததா இல்லையா என்று நடுவர் சொல்வதில்லை. அடித்தவனும் சொல்ல முடியாது. அடி வாங்கியவன் சொல்ல வேண்டும், "நல்ல அடி" என்று. சொல்லிவிட்டு அவனே விழ வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தாத்தா என்னைக் கேட்டார், "உங்கள் கூட்டம் எப்போது ஆரம்பித்தது?" நான் பங்குனி உத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். மும்பையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் அன்றைக்கு எல்லோரும் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவோம், வேனில் பானை, விறகு, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோம், மரத்தடியில் பொங்கல் வைப்போம் என்றேன். பிடிமண் எடுத்துவந்து கோயில் கட்டிய கதையைத் தொடங்கினேன். எந்த ஊரிலிருந்து எடுத்தார்கள், எத்தனை அண்ணன் தம்பிகள் வந்தார்கள் என்று அவர் கேட்டதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நான் காதில் வாங்கவே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மரத்தடிப் புகை வாசனை இந்த அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், பனிதான் பெய்துகொண்டிருந்தது. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

பெரியப்பாவிடம் உட்கார்ந்து அந்தக் கதையை முழுக்க எழுதி வாங்கு. அவருக்கு மறதி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், அதனால் தள்ளிப்போடாதே. டீக்கடை அண்ணாச்சிக்கும் கொஞ்சம் தெரியும்.

தலைக்கட்டு வரி மாசிக்குள் கட்ட வேண்டும் என்றாய். இங்கே வங்கிக் கணக்கை மாற்றிக்கொண்டிருப்பதால் மாசிக் கடைசியில்தான் அனுப்ப முடியும். அதுவரை அத்தானிடம் வாங்கிக் கட்டிவிடு. உன் வளையலைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நானும் மறக்கவில்லை அக்கா. ஆவணிக்குள் அது உன் கைக்கு வந்துவிடும்.

தங்கச்சியைப் பார்க்க வருகிறவர்களிடம் நகை விஷயத்தைப் பெரிய மாமா பேசட்டும். நான் வெளிநாட்டில் இருப்பதைச் சொல்லி யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அப்புறம் சித்தப்பா. அவர் கிணற்றுச் சண்டையை வைத்துக்கொண்டு வரி தர மாட்டேன் என்கிறார், அவரைத் தள்ளிவைத்துவிட்டுக் கொடை நடத்தலாம் என்று பங்காளிகள் பேசுவதாக எழுதியிருக்கிறாய். அன்று கிணற்றடியில் அப்பா என்ன சொன்னார் என்று நாம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று நானும் சொன்னவன்தான். வலித்ததா இல்லையா என்று சித்தப்பா சொல்ல வேண்டும், நாம் கேட்கவே இல்லை. நீ போய்க் கேள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் திட்டினால் கேட்டுக்கொள். வரிச் சீட்டிலிருந்து அவர் பெயரை எடுக்க விடாதே, அவர் தலைக்கட்டுக்கும் சேர்த்து நான் அனுப்புகிறேன். பொங்கல் பானையை எப்போதும் போலச் சித்திதான் ஏற்ற வேண்டும்.

பெரியவனுக்குப் பரீட்சை எப்போது என்று எழுது.

அன்புடன்,
உன் தம்பி