நல்ல செடியில் ஐந்து பழம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்போது நம் ஊரில் எந்தக் களத்தைப் பார்த்தாலும் மிளகாய்ப் பழம் சிவப்பாகக் கிடக்கிறது. எல்லாம் மூட்டையாவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் புஞ்சையில் நன்றாகக் காய்த்த முண்டுச் (குண்டு மிளகாய்) செடியில் நன்கு பழுத்த பழம் ஐந்தைப் பறித்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். ஆடி பிறந்ததும் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு செடி வீட்டில் வளர்க்கப் போகிறார்கள். அதற்கான விதை இது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் பாக்கெட் விதை வாங்கிப் போட்டோம். நன்றாகவே காய்த்தது. அதில் எடுத்த விதையைச் சென்ற ஆண்டு ஊன்றினால் ஒரு செடியில் நீளக் காய், ஒன்றில் குட்டைக் காய், ஒன்றில் காயே இல்லை. அது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம். அதன் விதை தாயைப் போல வராது. "எங்க வீட்டு முண்டு விதை போட்டா அப்படியே வருமா சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வரும் என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதம்.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பகுதிக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அந்த விதையைக் கைமாற்றிக் கைமாற்றிக் காத்தவர்கள் உங்கள் தாத்தா, பாட்டிமார்தான். அது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

பழம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்லதையெல்லாம் விற்றுவிட்டு மிச்சத்தை விதைக்கு வைக்க வேண்டாம். இலை சுருண்ட செடி வேண்டாம். பக்கத்திலேயே நீளமான சம்பா மிளகாய் இருந்தால் அந்த ஓரத்துச் செடியையும் தவிருங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், தேனீயும் எறும்பும் அடுத்த செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்தக் கலப்பு இந்த ஆண்டுக் காயில் தெரியாது. அதன் விதையில் வரும் செடியில்தான் தெரியும். பழத்தைக் களத்து வெயிலில் போடாமல் அப்படியே அனுப்புங்கள். இங்கே நிழலில் உலர்த்தி, விதை எடுத்து, சாம்பல் கலந்து பாட்டிலில் வைப்போம்.

விதை எடுக்கும் அன்று ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். காரம் விதையைவிட அது ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில்தான் அதிகம். கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வோம். அன்று மாலை பிள்ளை கண்ணைக் கசக்காமல் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் தொட்டியோ பழைய வாளியோ போதும், அடியில் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு பள்ளியில் பாதி நாற்று அழுகியதற்குத் தண்ணீர் தேங்கியதே காரணம். நான் கவனித்திருக்க வேண்டும். விதை 7 முதல் 10 நாளில் முளைக்கும், சுமார் 40 நாளில் பிடுங்கி நடலாம். தண்ணீர் ஊற்றுவது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும். வாடினாலும் நீங்கள் ஊற்றிவிடாதீர்கள், நினைவுபடுத்துங்கள்.

மிளகாய் போடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களின் விதையில் பங்கு உண்டு. காசு எதுவும் வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பழத்தைக் காகிதப் பையில் போட்டு, பிள்ளையின் பெயரோடு எந்தப் புஞ்சையில் பறித்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பாட்டிலிலும் அதையே எழுதி ஒட்டுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்