டைட்டிலை வெட்டாதீர்கள்: தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களில் ஒருவர் 'நீர்க்குமிழி' போட்டீர்கள். எந்தச் சேனல் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். படம் எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கே தெரியும், எல்லாப் படத்தையும் நீங்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறீர்கள். நகைக்கடை விளம்பரம், மசாலாப் பொடி விளம்பரம், மறுபடி அதே நகைக்கடை, அப்புறம் திடீரென்று ஓர் ஆஸ்பத்திரி. டைட்டில் கிடையாது. படத்தின் பெயர் கிடையாது. எடுத்தவர் பெயர் கிடையவே கிடையாது.

என் அப்பாவுக்கு 76 வயது. ஈசிசேரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஸ்ரீதர் படம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருக்கு அதற்கு நியாயம் இருந்தது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்த 1962இல் அவருக்குப் பதின்மூன்று வயது. டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த படம். அதிலும் ஆஸ்பத்திரி, அதிலும் கறுப்பு வெள்ளை, அதிலும் நாகேஷ். அன்றிலிருந்து ஸ்ரீதர்தான் அவருக்கு டைரக்டர், மற்றவர்கள் எல்லாம் படம் எடுக்கிறவர்கள்.

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "இது பாலசந்தர் படம்ங்க."

எங்கள் வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா 'அபூர்வ ராகங்கள்' பார்க்கப் போய் இடைவேளையோடு எழுந்து வந்தவர். அதன் பிறகு போஸ்டரில் கே. பாலசந்தர் என்று இருந்தால் அந்தத் தியேட்டர் பக்கமே போகமாட்டார். "எல்லாரும் மூச்சு விடாம பேசுவாங்க" என்பது அவருடைய குற்றச்சாட்டு. அம்மாவோ 'அவள் ஒரு தொடர்கதை'யை டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு தடவை பார்த்தவர். கல்யாணம் ஆனதிலிருந்து ஓயாத வழக்கு இது.

பத்து ரூபாய் பந்தயம் கட்டினார்கள். டைட்டில்தான் இல்லையே, எங்கே போய்ப் பார்ப்பது? அப்பா ஒரு மணி நேரம் "ஸ்ரீதர் ஸ்ரீதர்தான்" என்று ஒவ்வொரு காட்சிக்கும் தலையை ஆட்டி ரசித்தார். அதன் பிறகு நான் செல்போனில் தேடி எடுத்தேன். 'நீர்க்குமிழி', 1965. பாலசந்தர் இயக்கிய முதல் படம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் படம்ல, அதான் ஒழுங்கா எடுத்திருக்கார்" என்றார். அம்மா பத்து ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பெயர் தெரியாததால்தானே பெரியவர் ரசித்தார், நாங்கள் நல்லதுதானே செய்திருக்கிறோம் என்று கேட்காதீர்கள். இவரைப் பிடிக்கும், இவரைப் பிடிக்காது என்று அறுபது வருஷமாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிச் சேர்த்த ரசனை அது. அதை அவர் மாற்றிக்கொள்வதாக இருந்தாலும் தெரிந்து மாற்றிக்கொள்ளட்டும். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: டைட்டிலை வெட்டாதீர்கள்.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று கை மாறி நாலாவதாக வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், டைட்டிலை எல்லாம் யாரு மேடம் பாக்குறாங்க?" இந்த மடலை எழுதவைத்தது அந்தக் கேள்விதான். பார்க்கிறவர்கள் இருக்கிறோம், தம்பி. டைட்டில் போடுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக எங்களைத் தெருவில் ஓடவைத்த அப்பாக்களுக்குப் பிறந்தவர்கள் நாங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தவர் மகேந்திரன். 'உதிரிப்பூக்கள்' பார்த்தபிறகு வேறு படம் பார்க்கவே ஒரு வாரம் மனசு வரவில்லை. எஸ்.பி. முத்துராமன் என்றால் அந்த வயதில் எனக்கு இளக்காரம். 'முரட்டுக்காளை', 'சகலகலா வல்லவன்' எடுத்த மனிதர், அவ்வளவுதான். இதற்கிடையில் ஒரு நாள் தொலைக்காட்சியில், வழக்கம்போலத் தலையில்லாமல், 'ஆறிலிருந்து அறுபது வரை' பார்த்தேன். ரஜினி அடக்கமாக நடிக்கிறார், குடும்பம், வறுமை, முதுமை. 'முள்ளும் மலரும்', 'ஜானி' எடுத்தவரைத் தவிர வேறு யார் ரஜினியை இப்படி நடிக்க வைத்திருக்க முடியும் என்று நானே முடிவு கட்டி, கல்லூரியில் நாலு பேரிடம் அது மகேந்திரன் படம் என்று அடித்துப் பேசியிருக்கிறேன். அது எஸ்.பி. முத்துராமன் படம். 'புவனா ஒரு கேள்விக்குறி'யும் அவர் படம்தான். 'சகலகலா வல்லவன்' வந்த அதே 1982இல் 'எங்கேயோ கேட்ட குர'லையும் எடுத்தவர் அவர். ஒரு மனிதரை இத்தனை வருஷம் தப்பாக எடைபோட்ட பாவத்தில் பெரும்பங்கு என்னுடையது. மிச்சம் உங்களுடையது.

பிடித்தவரைத் தேடிப் போக மட்டுமா பெயர் வேண்டும்? பிடிக்காதவரைத் தவிர்க்கவும் வேண்டுமே! எனக்குச் சுத்தமாக ஆகாத இயக்குநர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம். உங்கள் புண்ணியத்தில் அவர் படங்களை நான் முக்கால்வாசி பார்த்து முடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பாட்டு வரும்போதுதான் மாட்டிக்கொண்டது தெரிகிறது.

நீங்கள் வெட்டுகிற அந்த மூன்று நிமிடத்தில் என்னவெல்லாம் போகிறது தெரியுமா? பாரதிராஜா தம் குரலிலேயே எங்களை அழைத்துப் பேசித்தான் பல படங்களை ஆரம்பிப்பார். அது போகிறது. இசையமைப்பாளர் டைட்டிலுக்கென்றே போட்ட இசை போகிறது. 'அன்னக்கிளி' என்றால் இளையராஜா என்று குழந்தைகூடச் சொல்லும். இயக்கியது தேவராஜ்–மோகன் என்ற இரட்டையர் என்பதைப் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். 'திருவிளையாட'லில் சிவாஜியை எதிர்த்து நிற்கிற நக்கீரர்தான் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜன் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. தான் எடுத்த படத்துக்குள்ளேயே வந்து குற்றம் குற்றமே என்று வாதாடியவரின் பெயரை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். உதவி இயக்குநர்கள் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் ஓடுமே, அதில்தான் யார் யாரிடம் தொழில் கற்றார்கள் என்ற வம்சாவளியே இருக்கிறது. பாக்யராஜ் பாரதிராஜாவிடம் இருந்தார், பாலாவும் வெற்றிமாறனும் பாலு மகேந்திராவிடம் இருந்தார்கள் என்பதையெல்லாம் ஒரு காலத்தில் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொள்வோம்.

மூன்று நிமிடம் மிச்சம் பிடித்து என்ன செய்கிறீர்கள்? அந்த மசாலாப் பொடி விளம்பரத்தை நாலாவது தடவை போடுகிறீர்கள். அந்தக் கம்பெனி முதலாளியின் பெயர், அவர் மனைவி பெயர், புதுக் கிளை திறந்த ஊர் எல்லாம் என் அம்மாவுக்கு மனப்பாடம். சரி, விளம்பரம் இல்லாமல் சேனல் நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சதுரமாக இருந்த படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடுகிறீர்களே, அதற்கு எந்த விளம்பரதாரர் பணம் கொடுத்தார்? தமிழ் சினிமாவிலேயே ஒல்லியான மனிதர் நாகேஷ். அவரையே குண்டாக்கிக் காட்டிய பெருமை உங்களைத்தான் சேரும். பாட்டு நடுவில் திரையின் கால்வாசியை மறைத்துக்கொண்டு நடனமாடி வரும் மெகா சீரியல் மாமியாரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டவும் எங்களால் முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான். இயக்குநரையும் உரிமையில் சேர்க்கலாம் என்று 2010இல் வந்த மசோதாவில் ஒரு யோசனை இருந்தது. 2012இல் சட்டத்தைத் திருத்தி நிறைவேற்றியபோது அது இல்லை. ஆகவே ஸ்ரீதருக்கும் பாலசந்தருக்கும் மகேந்திரனுக்கும் மிஞ்சியிருப்பது திரையில் ஓடுகிற அந்தச் சில நொடிகள்தான். அவர்கள் மூவரும் இப்போது வந்து உங்களிடம் கேட்கவும் முடியாது. அதனால் நாங்கள் கேட்கிறோம்.

முழு டைட்டிலும் போடுங்கள். அது முடியவே முடியாது என்றால், படம் தொடங்கும்போது பெயர், ஆண்டு, இயக்கம் என்று மூன்று வரி ஐந்து நொடி காட்டுங்கள். உங்கள் செல்போன் செயலிகளிலும் கதாநாயகன் படத்துக்குக் கீழே இயக்குநர் பெயரைச் சேருங்கள், அந்தப் பெயரைத் தட்டினால் அவருடைய மற்ற படங்களும் வரட்டும். தயவுசெய்து சரியான பெயராகப் போடுங்கள். எஸ். பாலசந்தர் வேறு, கே. பாலசந்தர் வேறு. பாட்டே இல்லாமல் 1954இல் 'அந்த நாள்' எடுத்தவர் முதலாமவர். இதில் மாற்றிப் போட்டால் எங்கள் வீட்டில் இன்னொரு பந்தயம் ஆரம்பமாகிவிடும்.

கடைசியாக ஒன்று. வரும் ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ 'நெஞ்சில் ஓர் ஆலயம்' போட முடியுமா என்று அப்பா கேட்கச் சொன்னார். தோற்ற பத்து ரூபாய் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. முதல் ரீலிலிருந்து போடுங்கள். ஸ்ரீதர் பெயர் வரும்போது அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
டைட்டிலிலிருந்து படம் பார்க்கும் ஒரு நேயர்