ஞாயிறு வகுப்பு: மைட்டோகாண்ட்ரியா நோய்கள்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு காலை 10 மணிக்கு நம் மருத்துவர்களுக்கான தொடர்கல்வி வகுப்பு, ஜூமில். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் வரும் நோய்கள்தான் தலைப்பு. இணைப்பைச் சனிக்கிழமை இரவு இங்கேயே போடுகிறேன்.

நரம்பியல் மருத்துவர்களுக்கு மட்டும்தானே என்று ஒதுங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளைப் பார்ப்பவர்கள்தான் முக்கியமாக வர வேண்டும். எம்.3243ஏ>ஜி என்ற ஒரே மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம், ஒரே வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரையும் காது மந்தமுமாக இருக்கும். மகனுக்கு வலிப்பும் பக்கவாதம் போன்ற தாக்குதலுமாக வரும். எம்ஆர்ஐயில் பார்த்தால் பாதிப்பு ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்காது. சந்தேகம் அங்கேயே வர வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் இந்த மரபணு மாற்றம் இல்லை என்று வந்தாலும் ஃபைலை மூடிவிடாதீர்கள். வயது ஏற ஏற ரத்தத்தில் இந்த மாற்றத்தின் அளவு குறையும். பெரியவர்களுக்குச் சிறுநீர் மாதிரியே மேல். அப்புறம் லாக்டேட் (இந்த நோய்களில் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்): கையை இறுக்கிக் கட்டி ரத்தம் எடுத்தாலே அளவு கூடிவிடும், வார்டில் சொல்லி வையுங்கள். பிஓஎல்ஜி (மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை நகலெடுக்க உதவும் மரபணு) கோளாறு இருப்பவருக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் கல்லீரலே செயலிழக்கலாம். இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

உங்களிடம் இப்படி நோயாளிகள் இருந்தால், பெயர், முகம் மறைத்து வெள்ளிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம்.