கியூ பனை இல்லத்தைப் பிரிக்கும் முன்: ஒரு திறந்த மடல்

லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வெப்பமண்டலத் தாவரங்களை வளர்க்கும் கண்ணாடிக் கூடமான பனை இல்லத்தைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். மனமார வரவேற்கிறோம். ஆனால் உள்ளே நிற்கும் உயிர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

1844 முதல் 1848 வரை டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும் எழுப்பிய கட்டடம் அது. கப்பல் தளத்துக்கான தேனிரும்பு (அடித்து வளைக்கக்கூடிய இரும்பு) உத்திரங்களை வளைத்து நிறுத்தியதால்தான் நடுவில் அவ்வளவு பெரிய வெளி கிடைத்தது. 1984-88 பழுதுபார்ப்பில் கண்ணாடிச் சட்டங்கள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின. ஈரத்தில் எஃகும் தேனிரும்பும் நேராகத் தொட்டால் இரும்புதான் அரிபடும். இரண்டும் தொடாமல் பிரிக்கும் இடைக்காப்பு எங்கே சிதைந்திருக்கிறது என்று முதலில் தேடுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு உப்பும். வர்ணம் உரிவதும் கண்ணாடியில் விரிசல் விழுவதும் அதனால்தான்.

பனைக் குடும்பத்தில் ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. கூரையில் முட்டுகிறது என்று தலையை வெட்டினால் ஒற்றைத் தண்டு மரம் பட்டுப்போகும். தென்னை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி உயர்ந்த மரங்களை நகர்த்த முடியாதென்றால், இப்போதே விதை எடுங்கள். பெண் மரம் தனியாக நின்றால் மகரந்தத்துக்கு வேறு தோட்டங்களைக் கேளுங்கள். மழைக்காட்டுப் பனைகள் பலவற்றின் விதை காய்ந்தால் முளைக்காது. பறித்த கையோடு, மண் சூடு 25 டிகிரிக்குக் குறையாமல் ஊன்ற வேண்டும்.

பெயர்க்கக்கூடிய மரங்களுக்கும் அவசரம் ஆகாது. வெட்டுப்பட்ட வேர் பல இனங்களில் திரும்பக் கிளைக்காது. அடித்தண்டிலிருந்து புது வேர் இறங்கியாக வேண்டும். ஆகவே பெயர்ப்பதற்குச் சில மாதம் முன்பே, கோடையில், வேரும் மண்ணும் சேர்ந்த வேர்ப்பந்தைச் சுற்றி வெட்டி விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் வெட்டினால் வேர் இறங்குவதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும்.

1775-ல் கியூவின் தாவர சேகரிப்பாளர் ஃபிரான்சிஸ் மேசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த என்செஃபலார்டாஸ் சைகாட் (பனைபோலத் தோன்றும், பூக்காத தாவரம்) இன்றும் தொட்டியில் உயிரோடு இருக்கிறது. இரண்டரை நூற்றாண்டாகச் சாய்ந்தே வளர்ந்த தண்டு. அதில் வார் கட்டித் தூக்காதீர்கள். தொட்டியின் அடியைத் தாங்கி, முட்டுக்கொடுத்த அதே சாய்வில் நகர்த்துங்கள். தண்டில் காயம் பட்டால் உள்ளே நீர் இறங்கி அழுகும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கொதிகலன்களுக்குப் பதிலாக வரும் வெப்பப் பம்புகளை (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் கருவிகள்) பற்றியும் ஒரு வார்த்தை. அவை தரும் நீர் பழைய கொதிகலன் நீரளவு சூடாக இருக்காது. குழாயின் பரப்பைக் கூட்டினால்தான் சனவரி இரவிலும் 18 டிகிரி நிற்கும். மின்சாரம் நின்றால் கைகொடுக்க மாற்று ஏற்பாடும் தேவை. பணி முடியும்வரை மரங்களை வைக்கும் தற்காலிகக் கொட்டகைகளுக்கும் இதே விதிதான். வெப்பமூட்டும் கருவிகளை நிலவறையில் வைக்க வேண்டாம். விக்டோரியா காலத்துக் கொதிகலன் அறையில் நீர் புகுந்த வரலாறு உங்களுக்கே தெரியும்.

எந்தெந்த மரங்களை வெட்டப்போகிறீர்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிடுங்கள். விதையோ பக்கக்கன்றோ வாங்கி வளர்க்க மற்ற தோட்டங்களுக்கு ஒரு பருவமாவது வேண்டும்.

இப்படிக்கு,
வெப்பமண்டலத் தாவரங்களை வளர்ப்போர்